மூன்றரை விரல்

"இதெல்லாம் எத்தனை பேர் செஞ்சதும்மா?"

குயவர்கள் சேர்ந்து சாமான் விற்கிற கூட்டுக்கடையை நடத்துகிற அம்மா கேட்டது இவ்வளவுதான். பாவம், குத்திக்காட்டவேண்டும் என்று கேட்கவில்லை. மேஜையில் பரப்பியிருந்த முப்பது மண் சாமான்களையும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று பார்த்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்டார். எல்லாம் நான்தான் என்று, அவற்றைச் செய்து கொண்டுவந்தவள் மெல்லச் சொன்னாள்.

கடையம்மா தப்பைச் சட்டென்று புரிந்துகொண்டார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகு, அதில் சந்தேகமில்லை என்றார். ஆனால் அந்தக் கடையில் பன்னிரண்டு அலமாரித் தட்டு, தட்டுக்கு ஒரு குயவர். வாசலில் நின்று பார்க்கிறவருக்கே இது இன்னார் கை என்று தெரியவேண்டும். ஒரு தட்டு காலியாக இருக்கிறது. அடுத்த மாதம் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் தானே வீட்டுக்கு வருவதாகவும், அப்போது முப்பது சாமான் எடுத்து வைக்கும்படியும் சொன்னார். அன்றைக்கும் இதே கதையென்றால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குக் கொடுத்துவிடுவேன், மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அனுப்பினார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளுக்கு அந்த ஒரு கேள்விதான் காதில் ஓடியது. எத்தனை பேர் செஞ்சது! ஒன்பது வருஷமாக ஒற்றை ஆளாய் மண் மிதித்து, சக்கரம் சுற்றி, சூளை வெக்கையில் புருவம் கருகியவளைப் பார்த்து இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்?

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, கடையம்மா கேட்டதிலும் நியாயம் இருந்தது. இவளுக்கு வீட்டில் வைத்த பெயரே 'இன்னொண்ணு'. வைத்தது நாத்தனார். தபால் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கடிதம் பிரிக்கிற வேலை அவளுக்கு. எதையும் பார்த்த மாத்திரத்தில் அதற்குரிய பெட்டியில் போடுகிற கை, வாயும் அப்படித்தான். அண்ணி ஒரு கிளேஸ் கலக்குவாள். சுட்ட மண்ணின் மேல் கண்ணாடிபோல உருகிப் படிகிற அந்தப் பூச்சு நன்றாகவே வந்திருக்கும். உடனே, "இன்னொண்ணு பாத்துடுவோம்" என்பாள். அதுவும் நன்றாக வரும். சரி, இன்னொண்ணு. இப்படியே பட்டறைச் சுவரில் கிளேஸ் பூசிச் சுட்டுப் பார்த்த விரல் அகல மண் வில்லைகள், ஆணிக்கு ஒன்றாய் இருநூற்றுப் பதிமூன்று தொங்கின. சுவரில் பல்லி போக இடமில்லை.

பிழைப்புக்குச் செடிப் பண்ணைக்கான பூந்தொட்டி. அதற்குக் கிளேஸும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒரே அளவு, ஒரே விளிம்பு, வாரத்துக்கு நூறு. அது கை செய்கிற வேலை. இந்தக் கோப்பையும் கிண்ணமும்தான் அவள் மனசு. கூட்டுக்கடைத் தட்டு கிடைக்காவிட்டால் ஒன்றும் பட்டினி இல்லை. ஆனால் சாகிறவரைக்கும் பூந்தொட்டிக்காரி.

புருஷன் தச்சர். பட்டறையை நடுவில் ஒரு மரத்தடுப்பு வைத்துப் பிரித்து, அந்தப் பக்கம் அவர் இழைப்பார், இந்தப் பக்கம் இவள் சுற்றுவாள். மரத்தூள் மண்ணில் விழும், மண் மரத்தில் ஒட்டும், அதில் தினமும் ஒரு சின்னச் சண்டை. தங்கமான மனுஷன். ஒரே ஒரு குறை, நிறம் தெரியாது. சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்று. சாலை விளக்கில் மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்த்து வண்டி ஓட்டுகிறவர். மரத்தை ரேகையிலும் வாசனையிலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் தொழிலுக்குப் பங்கமில்லை. இவளுக்குத்தான் கஷ்டம். ரெண்டு வில்லையைக் காட்டி எது நல்லா இருக்கு என்று கேட்டால், ரெண்டும் நல்லாத்தானே இருக்கு என்பார்.

அன்றைக்குச் சாயங்காலம் விஷயத்தைச் சொல்லி அழுதபோதும் அவர் அப்படித்தான் ஒன்று சொன்னார்.

"அந்தம்மாவுக்கு என்ன கண்ணோ தெரியல. எனக்கு எல்லாம் ஒரே ஆள் செஞ்ச மாதிரிதான் தெரியுது."

"உங்களுக்கு அப்படித்தாங்க தெரியும்" என்றாள் அவள், மூக்கைச் சிந்திக்கொண்டே. நாத்தனார் சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. அவளுக்கு அப்போது எட்டாவது மாதம். அவள் புருஷன் கப்பல் வேலையில் இருந்ததால் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள்.

மறுநாளே நாத்தனார் காரியத்தைக் கையில் எடுத்தாள். நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வில்லையாய்க் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். வேணுமா, வேண்டாமா, ரெண்டில் ஒன்று சொல்லு, நடுவில் பேச்சே கூடாது என்று உத்தரவு. இவள் ஒவ்வொன்றுக்கும் கதை சொல்வாள். இது மழை நாளில் சுட்டது, இது விளிம்பில் மட்டும் தேன் நிறம் காட்டும், இது தடிமனாய்ப் போட்டால் பால் மாதிரி வரும் என்று. நாத்தனார் கொட்டாவி விடுவாள், வில்லை கூடைக்குள் விழும். மூன்று நாள் நடந்தது இந்தப் பஞ்சாயத்து. கடைசியில் மிஞ்சியது நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர். தச்சர் இழைத்துத் தள்ளிய மரச்சுருளை எரித்து, அந்தச் சாம்பலைத் தண்ணீரில் அலசிச் சலித்துச் செய்தது. மூட்டமான நாளில் குளத்துத் தண்ணீர் இருக்குமே, அந்தப் பச்சை. அடக்கமான நிறம். இவளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் மற்ற இருநூற்றுப் பன்னிரண்டையும் விடவேண்டும் என்பதுதான் அடித்துப் போட்டது மாதிரி இருந்தது.

"இது ஒண்ணுதான். சத்தியம் பண்ணு அண்ணி" என்றாள் நாத்தனார். பண்ணினாள்.

கைப்பிடியில்லாத கோப்பைகள் என்று முடிவாயிற்று. முப்பதுக்கு முப்பத்தாறாகச் செய்தாள், உடைந்தால் கைகொடுக்க ஆறு உபரி. காய வைத்து, முதல் சூடு காட்டி எடுத்தபோது முப்பத்தாறும் வெளிர்சிவப்பாய், ஒன்றுகூட விரிசல் விடாமல் வந்து உட்கார்ந்தன. அவளுக்கே ஆச்சரியம்.

கடையம்மா வருகிற வெள்ளிக்கு ஐந்து நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளேஸ் முக்க உட்கார்ந்தாள். கோப்பையை அடிப்பக்கம் விரல்களால் பிடித்து, கவிழ்த்து வாளிக்குள் இறக்கி, மூன்று எண்ணி எடுக்கவேண்டும். விரல் பிடித்த இடத்தில் கிளேஸ் ஏறாது. ஒரு பக்கம் கட்டைவிரல் தடம், எதிர்ப்பக்கம் மற்ற விரல்களின் தடம், வெறும் மண்ணாய் நிற்கும். எல்லாம் முக்கிக் காய்ந்தபிறகு, தூரிகையால் அந்த இடங்களைத் தொட்டு மூடிவிடுவாள். அதில் அவள் ரொம்பக் கறார். ஏனென்றால் அவள் வலது கையில் சுண்டுவிரல் பாதிதான். கல்யாணமான முதல் வருஷம், தச்சர் ரம்பத்தில் பலகை தள்ளும்போது கை கொடுக்கிறேன் என்று போய் இழந்தது. அதிலிருந்து வெளி ஆட்கள் முன்னால் அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வாள். தச்சரோ, பதினெட்டு வருஷமாக அந்த விரலைப் பார்த்ததும் இல்லை, தொட்டதும் இல்லை. அந்தப் பக்கம் கண் போனாலே வேறெங்கோ பார்ப்பார். யாரும் அவரைக் குறை சொன்னது கிடையாது. அவரே சொல்லிக்கொண்டதுதான்.

பதினெட்டுக் கோப்பை வரைக்கும் சத்தியம் நின்றது.

பத்தொன்பதாவதைக் கையில் எடுத்தபோது, மூலையில் மூடியிருந்த நீல வாளி கண்ணில் பட்டது. உபரி ஆறு இருக்கிறதே, அதில் ஒன்றே ஒன்று நீலத்தில் எப்படி இருக்கும் என்று பார்த்தால் யார் குடி முழுகிவிடும்? ஒன்று முக்கினாள். ஒன்று தனியாக இருந்தால் பாவமாக இருக்கிறதென்று ஆறையும் முக்கினாள். அப்புறம் தேன் நிறம். இந்த வடிவத்தில் அதைப் பார்த்ததே இல்லையே! அதில் ஆறு. கருப்பு மட்டும் என்ன பாவம் செய்தது? அதில் ஆறு. நிமிர்ந்து எண்ணினபோதுதான் புத்தி வந்தது. பச்சை பதினெட்டு, கண்டதும் பதினெட்டு.

தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கெட்டுப்போகவில்லை. சுடாத கிளேஸ் வெறும் மாவுதான், தண்ணீரில் கழுவினால் போய்விடும். பதினெட்டையும் கழுவிக் காயவைத்து நூற்றுப் பன்னிரண்டில் முக்கிவிடலாம், பிறகு முப்பத்தாறுக்கும் விரல் தடத்தை மூடிவிடலாம், நாத்தனாருக்குத் தெரியவே வேண்டாம். வாளியில் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்தாள்.

அப்போதுதான் நாத்தனார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். வழக்கமான வாய் இல்லை. அண்ணி, வலி எடுத்துடுச்சு என்றாள், அவ்வளவுதான். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

குழாயை மூடினாளா என்றுகூட அவளுக்கு நினைவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தச்சரை வண்டி எடுக்கச் சொல்லி, நாத்தனாரைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு போனாள். போன் பட்டறை ஜன்னலிலேயே கிடந்தது. சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பெண் குழந்தை. தலை நிறைய முடி, குரலோ ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கேட்டது. அத்தனை வலியிலும் நாத்தனார், "சத்தத்தைப் பாரு, என் பேரைக் காப்பாத்திட்டா" என்றாள். இவள் குழந்தையை வாங்கியபோது முழங்கை வரைக்கும் காய்ந்த கிளேஸ். நர்ஸ் திட்டிக் கழுவச் சொன்னார்.

மூன்று நாள் இவள் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. நகர மனசும் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போவது தெரியவில்லை. ஆனால் குழந்தை தூங்கும்போதெல்லாம் வெள்ளிக்கிழமை வந்து கண்முன் நிற்கும்.

தச்சர் திங்கட்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து பட்டறையைத் திறந்தார். பலகையில் முப்பத்தாறு கோப்பை வரிசையாய் உட்கார்ந்திருந்தது. அவர் கண்ணுக்கு முப்பத்தாறும் ஒரே மாதிரி, பூசி முடித்த கோப்பைகள். சாம்பல் கிளேஸின் பச்சையும் வெறும் மண்ணின் சிவப்பும் அவருக்கு ஒன்றுதானே, விரல் தடம் எங்கே தெரியப்போகிறது? மற்ற வாளிகளின் மங்கல் நிறங்களும் அவருக்கு அதோடு அதுதான். சுட ஒரு பகல், ஆற ஒன்றரை நாள் என்று கணக்குப் போட்டார். இன்றைக்குப் பற்றவைத்தால் அவள் வரும்போது சாமான் தயார். அவளைக் கேட்டால் இன்னொண்ணு பார்க்கலாம் என்பாள், எதற்கு வம்பு என்று அவராகவே அடுக்கிவிட்டார்.

சூளையைக் கவனிக்க அவருக்குத் தெரியும், எத்தனையோ தடவை உதவியிருக்கிறார். உள்ளே தணலின் நிறம் பார்த்துச் சொல்ல வராது. ஆனால் துளை வழியாகப் பார்த்தால் ஒரு சின்ன மண் கூம்பு தெரியும், சூடு போதுமானால் அது தலை குனியும். குனிகிறதா நிமிர்ந்திருக்கிறதா என்பதற்கு நிறம் எதற்கு? சாயங்காலம் கூம்பு குனிந்ததும் காஸை அணைத்துவிட்டு, குளித்து, சட்டை மாற்றி, ஆஸ்பத்திரிக்கு வந்தார். முகத்தில் அடக்கமாட்டாத சிரிப்பு. மாமா ஆன சந்தோஷம் என்று இவள் நினைத்தாள். நாத்தனார் மட்டும், அண்ணன் மூஞ்சியில ஏதோ திருட்டுத்தனம் இருக்கு என்றாள்.

புதன்கிழமை காலையில் எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். குழந்தையைத் தொட்டிலில் விட்டதும் தச்சர் இவளைப் பட்டறைக்குக் கூட்டிப்போய், மூடியிருந்த சூளையைக் காட்டி, திற என்றார். என்னங்க பண்ணுனீங்க என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தாள். இளஞ்சூடு முகத்தில் அடித்தது.

பச்சை, நீலம், தேன், கருப்பு. அத்தனையிலும் ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் மூன்றரை விரல். கிளேஸ் வழவழவென்று மின்ன, விரல் பட்ட இடம் மட்டும் சுட்ட மண்ணாய், சிவந்து நின்றது. அவள் ஒன்பது வருஷமாக மூடி மறைத்ததை முப்பத்தாறு தடவை எழுதி வைத்த மாதிரி இருந்தது.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவர் சிரிப்பு மெதுவாகக் கரைந்தது. என்ன தப்பு என்று கேட்டார். அவள் ஒரு கோப்பையை எடுத்து அவர் கையில் வைத்து, விரலால் தடவிப் பார்க்கச் சொன்னாள். தடவினார். மூன்று பள்ளம், அப்புறம் பாதி. அவருக்குப் புரிந்துவிட்டது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் கண்ணு உன்னைக் கவுத்துடுச்சே" என்றார்.

அதைக் கேட்டதும் அவளுக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தேற்ற வேண்டியது தன்னையா அவரையா என்றுகூடப் புரியவில்லை. நீங்க என்ன பண்ணுவீங்க, நான் சத்தியத்தை மீறி மூணு வாளியில முக்கினவ என்று தன் திருட்டையும் ஒப்புக்கொண்டாள். பிறகு யோசித்தாள். இன்னும் நேரம் இருந்தது. கோப்பைகளைச் சூடாக்கி, நிறம் மாறியதையெல்லாம் நூற்றுப் பன்னிரண்டில் முக்கி, தடங்களை மூடி, மதியத்துக்குள் மறுபடி பற்றவைத்தால் வெள்ளி சாயங்காலத்துக்குள் எடுத்துவிடலாம். ஒப்பேற்றிவிடலாம். தச்சர் துள்ளி எழுந்து கோப்பைகளை வெளியே எடுத்து அடுக்கினார். அவள் தூரிகையை நனைத்துக்கொண்டு, முதலில் அந்த அரை விரல் தடத்தைத் தேடினாள்.

"அண்ணி, ஒரு வாய் வெந்நீர் கிடைக்குமா? தொண்டை வறண்டுபோச்சு."

நாத்தனார் வந்து வாசலில் நின்றாள். சமையல்கட்டுக்குப் போக நேரமில்லை. பட்டறையில் தச்சர் பசை காய்ச்ச வைத்திருந்த கெட்டிலில் புதுத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கைக்கு அகப்பட்ட கருப்புக் கோப்பையில் பாதி ஊற்றி, பச்சைத் தண்ணீர் விளாவிக் கொடுத்தாள். நாத்தனார் வாங்கினாள். வாங்கும்போது கண் தொட்டில் பக்கம் இருந்தது. விரல்கள் தாமாகவே போய் அந்தந்தத் தடத்தில் உட்கார்ந்தன. மூன்று நாள் தூக்கமில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்த கை, கோப்பையை நழுவ விடாமல் பிடித்திருந்தது. குடித்து முடித்தும் கீழே வைக்கவில்லை. ரெண்டு கையாலும் உருட்டிக்கொண்டே, இது என்ன, யாரோ கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கே என்றாள். பிறகுதான் குனிந்து பார்த்தாள். உன் கைதானா அண்ணி என்றாள். அப்புறம் பலகையைப் பார்த்தாள், நீலத்தைப் பார்த்தாள், தேன் நிறத்தைப் பார்த்தாள்.

"சத்தியம் காத்துல போயாச்சா?"

நாத்தனார் சொன்னபிறகுதான் அவளும் பலகையைத் தள்ளி நின்று பார்த்தாள். நாலு நிறம். ஆனால் கண் நிறத்தில் நிற்காமல், தடத்திலிருந்து தடத்துக்குத் தாவிப் போயிற்று. இருநூற்றுப் பதிமூன்றில் எதை விடுவது என்று தவித்தாளே, எதையும் விடவேண்டியதில்லையே! நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. கையில் இருந்த தூரிகையைத் தண்ணீர் டப்பாவில் போட்டாள். மறு சூடு கிடையாது என்று தச்சரிடம் சொன்னாள். அவர், என் மனசுக்காகச் சொல்லாதே என்று கெஞ்சினார். உங்களுக்காக இல்லைங்க, எனக்காக என்றாள். தைரியமாய்ச் சொல்லிவிட்டாளே ஒழிய வியாழக்கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை. அடிக்கடி போய்த் தூரிகையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை கடையம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். தச்சர் ஒரு நீளப் பலகையை இழைத்துச் சுவரில் பொருத்தியிருந்தார். அதில் முப்பது கோப்பை, நிறம் கலந்து, வரிசையாக. கடையம்மா பட்டறைக்குள் ரெண்டு எட்டு வைத்தவர், திரும்பி வாசலுக்கே போய் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார். இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. குழந்தைகூட அந்த நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டது.

உள்ளே வந்து பச்சையில் ஒன்று எடுத்தார். வைத்துவிட்டு நீலத்தில் ஒன்று. விரல்கள் தடத்தில் பொருந்தின. சுண்டுவிரல் மட்டும் இடம் தேடித் தடுமாறியது.

"இந்த ஒரு விரல் மட்டும் பாதியிலயே நிக்குதே?"

இவள் தலைப்புக்குள் இருந்த கையை வெளியே எடுத்தாள். பக்கத்தில் இருந்த கோப்பையை எடுத்துப் பிடித்துக் காட்டினாள். மூன்றரையும் அச்சாய்ப் பொருந்தியது. கடையம்மா அந்தக் கையையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனை பேர் என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

"தட்டு உங்களுதும்மா. என்ன நிறம் வேணும்னாலும் போடுங்க, நான் கேக்கவே மாட்டேன். இந்தக் கையை மட்டும் மறைச்சுடாதீங்க."

சொல்லிவிட்டு நீலக் கோப்பையைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, குழந்தையைப் பார்க்க உள்ளே போனார். நாத்தனார் அவரிடம் இருநூற்றுப் பதிமூன்று வில்லையின் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தது இங்கே கேட்டது.

பட்டறையில் இவர்கள் ரெண்டு பேர்தான். தச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேன். எல்லாம் ஒரே ஆள் செஞ்ச மாதிரிதான் இருக்குன்னு."

"ஆமாங்க. உங்க கண்ணுக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது" என்றாள் அவள். கேலியாகச் சொல்லவில்லை.

அவள் கையில் இன்னும் கோப்பை இருந்தது. அவர் கை நீட்டினார். கோப்பையைத்தான் வாங்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் அந்தப் பாதிச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டார்.